தனியாள் என்னும் கருத்து

தனியாள் (தனிமனிதர், தனிநபர்) என்பது கூட்டத்திலிருந்து வேறுபடுத்தி, தனக்கென உடல், அறிவு, விருப்பம், உரிமை, பொறுப்பு ஆகியவற்றை உடைய ஒருவராகக் கருதப்படும் மனிதரைக் குறிக்கும். உயிரியலில் இக்கருத்து மனிதரல்லாத உயிர்களுக்கும் பொருந்தும். அங்கு அது தனியுயிரி எனப்படுகிறது. மெய்யியல், உயிரியல், மானிடவியல், சட்டம், புள்ளியியல், பொருளியல் எனப் பல துறைகள் இக்கருத்தைக் கையாள்கின்றன. ஆனால் எல்லாத் துறைகளும் இதற்கு ஒரே பொருளைத் தருவதில்லை.

எல்லாத் துறைகளுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: எதை "ஒன்று" என்று எண்ணுவது? ஒவ்வொரு துறையும் தன் தேவைக்கு ஏற்ப விடை சொல்கிறது. அந்த விடை ஏட்டோடு நிற்பதில்லை. யார் கணக்கில் வருகிறார், யார் விடுபடுகிறார் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. இக்கட்டுரை முதலில் துறைவாரியான பொருள்களை விளக்குகிறது. பின்னர், கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்தின் மானாவாரிப் பயிர்க் காப்பீட்டை ஒரு நேர்வாக எடுத்துக்கொண்டு ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

மேலை மொழிகளில் தனியாளைக் குறிக்கும் சொல் "இந்திவிதுவும்" என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரிக்க முடியாதது என்பது அதன் பொருள். கிரேக்கரின் "அட்டோமோஸ்" (அணு) என்ற சொல்லை இலத்தீனில் பெயர்க்க உரோமானிய அறிஞர் சிசெரோ இச்சொல்லைக் கையாண்டார். பொருளைப் பகுத்துக்கொண்டே போனால் கடைசியில் அணுவில் நிற்பது போல, சமூகத்தைப் பகுத்துக்கொண்டே போனால் தனியாளில் நிற்கும் என்ற எண்ணம் இச்சொல்லுக்குள் இருக்கிறது.

தமிழில் "தனி" என்னும் அடியிலிருந்து தனிமை, தனித்தன்மை, தனியார் ஆகிய சொற்கள் பிறந்தன. "நபர்" என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். "ஆள்" என்ற சொல்லுக்குப் பேச்சு வழக்கில் வேறொரு பொருளும் உண்டு. களையெடுக்கப் பத்து ஆள் வேண்டும் என்று சொல்லும்போது, அது குறிப்பிட்ட பத்துப் பேரைச் சுட்டவில்லை. பத்து நாள் கூலிக்குரிய உழைப்பையே சுட்டுகிறது.

ஊர்க் கோயில் கொடைக்கு வரி பிரிக்கும்போது வழங்கும் "தலைக்கட்டு" என்ற சொல் இன்னொரு எடுத்துக்காட்டு. இதில் தலை என்பது ஒவ்வொரு மனிதரின் தலையும் அன்று. மணமாகித் தனிக் குடும்பமாக வாழ்பவரே ஒரு தலைக்கட்டு. மணமாகாத மகன் எவ்வளவு சம்பாதித்தாலும் தந்தையின் தலைக்கட்டுக்குள் அடங்குவார். கணவனை இழந்த பெண்ணின் வீட்டை அரை வரியாகக் கணக்கிடும் ஊர்களும் உண்டு. வரிச்சுமையைக் குறைக்க ஏற்பட்ட சலுகைதான் இது. ஆனாலும் ஒரு முழு மனிதர் அரையாக எண்ணப்படுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இலக்கணத்திலும் இலக்கியத்திலும்

தமிழ் இலக்கணம் ஐந்து பால்களைக் கூறுகிறது. உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால் என்பனவும், அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால் என்பனவும் அவை. உயர்திணையில் "ஒருமை" என்று தனியாக ஒரு பால் இல்லை என்பது நோக்கத்தக்கது. ஒரே ஒரு மனிதரைச் சொல்ல வேண்டுமானால் ஒருவன் என்றோ ஒருத்தி என்றோதான் சொல்ல வேண்டும். ஆண், பெண் இருபாலுக்கும் பொதுவான "ஒருவர்" என்ற சொல் பன்மை வினையையே கொள்ளும் ("ஒருவர் வந்தார்"). தொல்காப்பியமே இச்சொல்லின் இயல்பைத் தனியே எடுத்துப் பேசுகிறது.

அகத்திணைப் பாடல்களில் தலைவன், தலைவியரின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்பதும் தொல்காப்பிய மரபு. காதல் எல்லோருக்கும் பொது என்பதால் அங்கே பெயர் விலக்கப்பட்டது. புறத்திணையில் மன்னன், வள்ளல், வீரன் ஆகியோரின் பெயரும் செயலும் இடம்பெறலாம். ஆக, மனிதரைப் பொதுநிலையில் காண்பதும் பெயரோடு தனித்துக் காண்பதும் ஒரே மரபுக்குள் அருகருகே இருந்தன.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார், சமுதாயம் முழுவதையும் வாழ்த்திப் பாடிய பாட்டிலேயே ஒரே ஒரு மனிதரின் பசிக்கு உலகம் முழுவதையும் பொறுப்பாக்கினார். சமூகமும் தனியாளும் எதிரெதிர்ப் பக்கங்கள் அல்ல என்பதை அப்பாட்டு உணர்த்துகிறது. இதே கரிசல் மண்ணின் இடைசெவல் ஊரினரான கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பெயரற்ற கூட்டமாகப் பார்க்கப்பட்டு வந்த உழவர்களையும் உழைப்பாளிகளையும் தனித்தனி முகமும் பேச்சும் உடையவர்களாகத் தம் கதைகளில் படைத்தனர்.

மெய்யியலில்

இந்திய மெய்யியல் மரபுகள் தனியாள் பற்றி வெவ்வேறு நிலைப்பாடுகளைக் கொண்டவை. அத்துவைதம் ஆன்மாக்களின் பன்மையை முடிந்த உண்மையாகக் கொள்வதில்லை. சைவ சித்தாந்தம் ஆன்மாக்கள் பல என்றும், அவை இறைவனிடமிருந்து வேறானவை என்றும் கூறுகிறது. பௌத்தம் மாறாத "தான்" என்ற ஒன்றே இல்லை என்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் கூறுகளின் தொகுதிக்கு வழங்கும் பெயரே ஆள் என்பது அதன் கொள்கை.

மேலை மெய்யியலில் ஜான் லாக், நேற்றிருந்தவரும் இன்றிருப்பவரும் ஒரே ஆள் என்பதற்கு உடலைவிட நினைவின் தொடர்ச்சியே அடிப்படை என்று வாதிட்டார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட நூலில், பிறருக்குத் தீங்கு நேராத வரையில் ஒருவரது வாழ்வில் அரசோ ஊராரோ குறுக்கிடக் கூடாது என்ற கருத்தை முன்வைத்தார். தனிமனித உரிமை பற்றிய இன்றைய விவாதங்களில் இக்கருத்துக்கு முக்கிய இடமுண்டு.

உயிரியலில்

ஆடு, மாடு, மனிதர் ஆகியவற்றில் தனியுயிரியை அறிவது எளிது. எல்லா உயிர்களிலும் அவ்வாறு இல்லை. கொல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பெரிய ஆலமரத்தில், நோயுற்ற தாய்த்தண்டு 1925இல் அகற்றப்பட்டது. ஆயினும் விழுதுகளைத் தாங்கி அம்மரம் இன்றும் வாழ்கிறது. அதை ஒரு மரம் என்பதா, பல மரம் என்பதா? தேன்கூட்டில் முட்டையிடும் இராணியும், உழைக்கும் தேனீக்களும் ஒன்றையொன்று விட்டு வாழ முடியாது. ஆகவே உயிரியலாளர் சிலர் கூட்டம் முழுவதையும் ஓர் உயிரியாகக் கருதுகின்றனர்.

பயிர் இனப்பெருக்கத்தில் தனிச்செடிக்குச் சிறப்பிடம் உண்டு. டென்மார்க் நாட்டு அறிஞர் வில்லெம் ஜோஹான்சன் 1903இல் அவரை விதைகளைக் கொண்டு தூய வழிமுறைக் கோட்பாட்டை நிறுவினார். பல வகைச் செடிகள் கலந்திருக்கும் வயலில் நல்லதொரு தனிச்செடியைத் தெரிந்தெடுத்து, அதன் விதையை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினால் ஒரு புதிய இரகம் கிடைக்கும். 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கேற்ற பல இரகங்களை வெளியிட்டுள்ளது. "கே" என்ற எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயர்களால் அவற்றை உழவர்கள் அறிவர். காடு முழுவதும் ஒரே மாதிரி விளைந்து நிற்கும் பயிருக்குப் பின்னால், என்றோ ஒருவர் உற்றுப் பார்த்துத் தெரிந்தெடுத்த ஒற்றைச் செடி இருக்கக்கூடும்.

அடையாளம் காண்பதில்

ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறியும் முறைகளின் வரலாற்றில் இந்தியாவுக்குப் பங்குண்டு. வங்காளத்தின் ஹூக்ளி பகுதியில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி 1858இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் கைப்பதிவைப் பெற்றார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்களின் உழைப்பு முதன்மையானது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரின் மரபணு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அவர்களின் கைரேகைகள் வேறுபடும்.

இன்றைய 12 இலக்க ஆதார் எண் பத்து விரல் ரேகை, இரு கருவிழி, முகப்படம் ஆகியவற்றோடு இணைக்கப்பட்டுள்ளது. கடின உடலுழைப்பால் விரல் ரேகை தேய்ந்தவர்களைக் கருவி சில சமயம் ஏற்பதில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த ஒருவர், அந்தக் கருவிக்கு முன் தாம்தான் என்பதை மெய்ப்பிக்க இயலாமல் நிற்க நேர்கிறது. ஒருவராக இருப்பதும் ஒருவரென ஏற்கப்படுவதும் வேறு வேறு என்பதற்கு இது சான்று.

சமூகவியலிலும் மானிடவியலிலும்

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம், மிகத் தனிப்பட்ட முடிவாகத் தோன்றும் தற்கொலையில்கூடச் சமூகக் காரணங்கள் இருப்பதை 1897இல் எழுதிய நூலில் ஆராய்ந்தார். பிரமலைக் கள்ளர் சமூகத்தாரிடையே தங்கி ஆய்வு செய்த லூயி துய்மோன், 1966இல் வெளியிட்ட நூலில் இந்தியச் சமூகத்தின் அடிப்படை அலகு தனியாள் அன்று, சாதிய அடுக்கின் முழுமையே என்று வாதிட்டார். உலகைத் துறந்த துறவியே இங்கு மேலைநாட்டுத் தனியாளுக்கு நெருக்கமானவர் என்பது அவர் கருத்து. இக்கருத்து பின்னர் பலரால் மறுக்கப்பட்டது. இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வேலன்டைன் டேனியல் 1984இல் வெளியிட்ட நூலில், தமிழர் தம்மைத் தாம் வாழும் ஊர், வீடு, மண் ஆகியவற்றோடு கலந்தவராக உணர்வதை விளக்கினார். "எந்த ஊர்?" என்று கேட்ட பிறகே பெயரைக் கேட்கும் நம் வழக்கத்தை இதனோடு ஒப்பிடலாம்.

சட்டத்திலும் அரசியலிலும்

சட்டம் "ஆள்" என்ற சொல்லை மனிதரோடு நிறுத்துவதில்லை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் இச்சொல்லுக்குள் ஏழு வகைகளைச் சேர்த்தது. தனியாள் அவற்றுள் ஒன்று மட்டுமே. இந்துக் கூட்டுக் குடும்பம், நிறுமம், உள்ளாட்சி அமைப்பு முதலியனவும் அதில் அடங்கின. கோயிலில் எழுந்தருளியுள்ள தெய்வமும் சொத்துரிமை உள்ள சட்ட ஆளாக நீதிமன்றங்களால் ஏற்கப்படுகிறது. மறுபுறம், தனியாள் எவரும் தமக்கென உரிமையாக்கிக்கொள்ள முடியாத பெயர்களும் உண்டு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் கிடைத்த புவிசார் குறியீடு, ஒரு கடைக்காரருக்கு உரியதன்று. அப்பகுதி உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் பொது.

இந்திய அரசமைப்பின் அலகு எது என்ற கேள்வி அரசமைப்பு அவையில் விரிவாகப் பேசப்பட்டது. கிராமத்தையே அடிப்படை அலகாகக் கொள்ள வேண்டும் என்று சிலர் விரும்பினர். 1948 நவம்பர் 4 அன்று ஆற்றிய உரையில் அம்பேத்கர் அதை மறுத்து, வரைவு அரசமைப்பு கிராமத்தை விடுத்துத் தனியாளை அலகாக ஏற்றிருப்பதில் தமக்கு மகிழ்ச்சி என்றார். கிராமம் என்ற ஒரே சொல்லுக்குள் சாதியால் ஒதுக்கப்பட்டோர் மறைந்துபோவர் என்ற கவலை அவருக்கு இருந்தது. அரசமைப்பின் முகப்புரையும் தனியாளின் மாண்பைக் குறிப்பிடுகிறது.

முதல் பொதுத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் தயாரிக்கப்பட்டபோது, வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவு செய்யச் சொன்னார்கள். பெயரில்லாமல் பதிய முடியாது என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றதால், ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. தனியாளாக எண்ணப்படுவதற்குத் தனிப்பெயர் எவ்வளவு அடிப்படையானது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், அந்நாளில் மணமாகாதிருந்த மகள்களையும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்குடையவர்களாக்கியது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது.

பொருளியலில்: ஆளா, குடும்பமா?

பொருளியலில் பெரும்பாலான கணக்குகள் குடும்பத்தை ஓர் அலகாகக் கொள்கின்றன. ஊரக வேலை உறுதிக்கான 2005ஆம் ஆண்டின் சட்டம் ஆண்டுக்கு 100 நாள் வேலையை ஒவ்வோர் ஆளுக்கும் அன்றி, ஒவ்வொரு குடும்பத்துக்குமே உறுதி செய்தது. ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் வேலைக்குப் போனால் அந்த நாள்களை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு பெண்ணின் வங்கிக் கணக்குக்கே செல்கிறது. ஆனால் ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண் என்பதே அதன் விதி. குடும்பத்தை ஒன்றாக எண்ணும்போது, அதற்குள் யார் முதலில் உண்கிறார், யார் கடைசியில் உண்கிறார் என்பது மறைந்துவிடும் என்று அமர்த்தியா சென் போன்ற பொருளியலாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர் வட்டாரத் தீப்பெட்டித் தொழில் இதற்கு நேரடிச் சான்று. பெட்டி ஒட்டுதல், குச்சி அடுக்குதல் ஆகிய வேலைகளுக்கு எண்ணிக்கைப்படி கூலி வழங்கப்பட்டது. வீட்டுக்கு எடுத்துச் சென்று ஒட்டிய பெட்டிகளில் எது தாய் ஒட்டியது, எது குழந்தை ஒட்டியது என்று கணக்கு நோட்டில் பிரித்தறிய வழியில்லை. நோட்டில் ஒரு பெயர். வேலையில் பல கைகள். குழந்தையின் உழைப்பு குடும்பத்துக்குள் மறைந்தது இப்படித்தான். சிவகாசித் தொழிற்சாலைகளின் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் வீதம் முதலாளி செலுத்த வேண்டும் என்பது அதன் ஆணைகளில் ஒன்று. அந்தக் கணக்கின் அலகு குடும்பம் அன்று, ஒவ்வொரு குழந்தையும். பள்ளியின் வருகைப் பதிவேடும் அப்படித்தான்: ஒரு வரிக்கு ஒரு பெயர். வீட்டுக் கணக்கில் மறைந்த குழந்தை அந்த ஏட்டில் தனியாளாக மீண்டும் தோன்றுகிறது. வராத நாளும் அவள் பெயருக்கு நேராகவே பதிவாகிறது.

புள்ளியியலில்

பெல்ஜிய நாட்டு அறிஞர் அடால்ஃப் கெட்லே 1835இல் "சராசரி மனிதன்" என்ற கருத்தை முன்வைத்தார். பலரின் உயரம், எடை முதலியவற்றைத் தொகுத்துக் கிடைக்கும் சராசரியை ஒரு மனிதராக உருவகித்தார் அவர். சராசரி பயனுள்ள கருவியே. ஆனால் அதைத் தனியாளுக்கு அப்படியே பொருத்துவது பிழை. 1950இல் வில்லியம் ராபின்சன் என்ற சமூகவியலாளர், பகுதிகளுக்கிடையே காணப்படும் தொடர்பு அப்பகுதிகளில் வாழும் தனியாட்களுக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது என்பதைக் கணக்கால் காட்டினார். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்றால், அவ்வகுப்பில் 60 மதிப்பெண் பெற்றவர் ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு நேர்வு: கரிசல் நிலத்தில் பயிர்க் காப்பீடு

இதுவரை கண்ட வேறுபாடுகள் அனைத்தும் ஒரே இடத்தில் கூடுவதைப் பயிர்க் காப்பீட்டில் காணலாம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் நிலம் பெரும்பாலும் மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, கம்பு, மல்லி முதலியவற்றை விதைக்கின்றனர். மழை எல்லாக் காட்டிலும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் நனைந்து, அந்தப் பக்கம் காய்ந்து கிடப்பது இங்கு வழக்கம்.

2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ராபி பருவ உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காட்டை உழவர் பிரீமியமாகச் செலுத்துகிறார். காரிப் பருவத்துக்கு இது 2 விழுக்காடு. பணப்பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் அதிகபட்சம் 5 விழுக்காடு. எஞ்சியதை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. பிரீமியம் ஒவ்வோர் உழவரின் பெயரில் தனித்தனியே கட்டப்படுகிறது. ஆனால் விளைச்சல் இழப்பு பொதுவாகத் தனி உழவரின் அளவில் கணக்கிடப்படுவதில்லை. வருவாய் கிராமம் அல்லது குறுவட்டம் (பிர்கா) ஒரு காப்பீட்டு அலகாக அறிவிக்கப்படுகிறது. அந்த அலகுக்குள் சமவாய்ப்பு முறையில் தெரிவு செய்த சில வயல்களில், பெரும்பாலும் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட இடத்தை அளந்து, அறுவடைப் பரிசோதனை நடத்துகின்றனர். அதில் கிடைக்கும் சராசரியே அந்த அலகில் அப்பயிரைக் காப்பீடு செய்த அனைவரின் விளைச்சலாகவும் கொள்ளப்படும். கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியில் 70, 80 அல்லது 90 விழுக்காட்டை உறுதி விளைச்சலாக வைத்து, அதற்குக் கீழே குறைந்த விகிதத்தில் இழப்பீடு தருகின்றனர்.

ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம். ஒரு கிராமத்தில் உளுந்துக்கு உறுதி விளைச்சல் ஏக்கருக்கு 300 கிலோ, காப்பீட்டுத் தொகை 16,000 ரூபாய் என்று கொள்வோம். பிரீமியம் 240 ரூபாய். அவ்வாண்டு பரிசோதனையில் சராசரி 285 கிலோ. குறைவு 15 கிலோ, அதாவது 5 விழுக்காடு. ஆகவே ஏக்கருக்கு 800 ரூபாய் இழப்பீடு. ஒன்றுமே விளையாமல் காட்டை ஆட்டுக்கு விட்டவருக்கும் 800 ரூபாய்; 400 கிலோ எடுத்தவருக்கும் 800 ரூபாய். சராசரி 310 கிலோவாக இருந்திருந்தால், விதையைக்கூடத் திரும்ப எடுக்காதவருக்கும் ஒரு ரூபாயும் இல்லை. அவருடைய இழப்பு பொய்யன்று. அந்தக் கணக்கில் அவர் "ஒன்று" அல்லர் என்பதுதான் காரணம்.

இம்முறை ஏன் வந்தது? இந்தியாவில் தனியாள் முறையும் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1972இல் குஜராத்தில் எச்-4 பருத்திக்குத் தொடங்கிய காப்பீடு ஒவ்வோர் உழவரின் இழப்பையும் தனித்தனியே மதிப்பிட்டது. பின்னர் தமிழ்நாடு உள்ளிட்ட வேறு மாநிலங்களுக்கும் அது விரிந்தது. 1978-79 வரை நடந்த அத்திட்டத்தில் சேர்ந்தோர் 3,110 உழவர்களே. பிரீமிய வரவு 4.54 இலட்சம் ரூபாய், இழப்பீடு 37.88 இலட்சம் ரூபாய். ஒவ்வொரு காட்டுக்கும் ஆள் அனுப்பி மதிப்பிடுவது செலவு மிக்கது. காப்பீடு இருக்கிறதே என்று பராமரிப்பைக் கைவிடுவோரையும் பிரித்தறிவது கடினம். பகுதியை அலகாகக் கொள்ளும் யோசனையை 1920லேயே மைசூரில் ஜே. எஸ். சக்கரவர்த்தி முன்வைத்திருந்தார். பொருளியலாளர் வி. எம். தாண்டேகர் 1970களில் அதை வலியுறுத்தினார். 1979இன் முன்னோடித் திட்டமும், 1985, 1999, 2016 ஆகிய ஆண்டுகளின் தேசியத் திட்டங்களும் பகுதி முறையையே பின்பற்றின.

பகுதி முறைக்கு நன்மைகளும் உண்டு. வறட்சி போல எல்லாக் காட்டையும் ஒருசேரத் தாக்கும் இழப்புக்கு இது பொருத்தமானது. 2018இல் தமிழ்நாட்டின் மக்காச்சோளத்தைத் தாக்கிய படைப்புழுவையும் இவ்வகையில் சேர்க்கலாம். உழவர் எவரும் அலுவலகம் அலுவலகமாக அலைந்து தன் இழப்பை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நன்றாகப் பராமரித்துச் சற்றுக் கூடுதலாக எடுத்தவருக்கு அதனால் இழப்பீடு குறைவதும் இல்லை. ஆனால் காட்டுப்பன்றி ஒரு புஞ்சையில் மட்டும் புகுந்து அழிப்பது, ஒரு மூலையில் மட்டும் மழை பொய்ப்பது போன்ற தனி இழப்புகளைச் சராசரி காண்பதில்லை. இக்குறையை ஓரளவு ஈடுகட்டவே ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு போன்ற சில இடஞ்சார்ந்த இடர்களுக்குத் தனி வயல் அளவில் மதிப்பிடும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. இதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். கிராமத்தின் சராசரி வரட்டும் என்று காத்திருந்தால் இந்த உரிமை கைவிட்டுப் போகும்.

நடைமுறையில் அறிய வேண்டியவை

அலகு எது என்பதை அறிந்தவர் சில பிழைகளைத் தவிர்க்கலாம்.

முதலாவது, காப்பீட்டில் கணக்கில் வருவது உழவர் குடியிருக்கும் ஊர் அன்று. நிலம் அமைந்துள்ள வருவாய் கிராமம். ஓர் ஊரில் வீடும் அடுத்த ஊர் எல்லையில் காடும் உள்ளவர்கள் கரிசலில் ஏராளம். பதிவில் கிராமப் பெயர் மாறிவிட்டால், வேறொரு கிராமத்தின் சராசரியோடு அவர் கணக்கு இணைந்துவிடும். அடங்கலில் உள்ள கிராமம், புல எண், பயிர், பரப்பு ஆகியன காப்பீட்டு இரசீதோடு பொருந்துகின்றனவா என்று பணம் கட்டிய அன்றே பார்ப்பது நல்லது.

இரண்டாவது, பட்டாவில் இருப்பவரும் பயிர் செய்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை. குத்தகைக்கோ வாரத்துக்கோ பயிரிடுவோரும் இத்திட்டத்தில் சேரலாம். ஆயினும் அதற்குரிய ஆவணம் இல்லாவிட்டால் உழைத்தவர் ஏட்டில் இடம்பெற மாட்டார். கூட்டுப் பட்டாவில் பயிர் செய்பவர் யார் என்பதும் தெளிவாகப் பதிவாக வேண்டும்.

மூன்றாவது, அறுவடைப் பரிசோதனை அடுத்தவர் காட்டில் நடந்தாலும், அதன் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே அது எப்போது, எங்கே நடக்கிறது என்பதை ஊரார் அறிந்திருப்பது அவரவர் நலனுக்கும் உதவும். தனியாளின் உரிமையைக் காக்க ஊர் கூட வேண்டிய இடம் இது.

தொகுப்பு

தனியாள் என்பதற்கு எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும் ஒரே வரையறை இல்லை. உயிரியல் உடலின் எல்லையை ஆராய்கிறது. மெய்யியல் "தான்" என்பதை ஆராய்கிறது. மானிடவியல் உறவுகளை ஆராய்கிறது. சட்டம் உரிமையையும் பொறுப்பையும் வரையறுக்கிறது. புள்ளியியல் தனியாட்களைத் தொகுத்துச் சராசரி காண்கிறது. பொருளியல் பெரும்பாலும் குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. ஒரே பெண் வாக்குச்சாவடியில் ஒரு முழு ஆள். குடும்ப அட்டையில் ஓர் உறுப்பினர். சிற்றூர்த் தலைக்கட்டில் கணவனின் கணக்கில் அடங்கியவர். பயிர்க் காப்பீட்டில் ஒரு கிராமச் சராசரியின் பகுதி.

கூட்டாக எண்ணுவது எப்போதும் தவறன்று. தனித்தனியாக எண்ணுவது எப்போதும் சரியும் அன்று. 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட பள்ளி மதிய உணவுத் திட்டத்தில், ஊர் கூடிப் பொருள் தந்தது; உணவோ தட்டேந்திய ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பரிமாறப்பட்டது. கொடுப்பதில் கூட்டம், பெறுவதில் தனியாள் என இரண்டும் அங்கே ஒன்றுக்கொன்று துணையாயின. ஒரு சட்டத்தையோ திட்டத்தையோ புள்ளிவிவரத்தையோ படிக்கும் மாணவர், "இதில் ஒன்று என எண்ணப்படுவது எது? அப்படி எண்ணும்போது விடுபடுவது யார்?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பழக வேண்டும்.